தேவை எழவில்லை

மார்ச் 31

இரண்டு முறை பல் தேய்த்தும் அந்த லட்டின் நெய்வாடை வாயை விட்டுப் போகவில்லை.

புன்னைக்காயல் முகத்துவாரத்தில் இரவில் படகுகளுக்கு வழிகாட்டும் விளக்குக் கம்பம் நடுவதற்குக் கடந்த ஏப்ரலிலேயே எங்கள் அலுவலகத்துக்குப் பணம் வந்துவிட்டது. நான் வைத்த கோப்பு பத்து மாதமாக அதிகாரியின் மேஜையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. இன்று நிதியாண்டின் கடைசி நாள். மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"மேல பயங்கரப் பற்றாக்குறையாம். செலவாகாத பணத்தைத் திருப்பி அனுப்புனா நமக்குத்தான் நல்ல பேரு. 'தேவை எழவில்லை'ன்னு எழுதும்வே."

எழுதினேன். இந்தக் கையால்தான் எழுதினேன்.

நான்கு மணிக்கு மேலிடத்திலிருந்து போனில் பாராட்டு வந்தது. அதிகாரி உடனே லட்டு வாங்கிவரச் சொன்னார். நானும் ஒன்றைத் தின்றேன். சே! பற்றாக்குறை என்றால் வீண் செலவை நிறுத்தட்டும். செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டதற்குச் சேமிப்பு என்று பெயரா?

அந்த நேரம் பார்த்து சந்தியாகு வந்து நின்றார். விளக்கு கேட்டு மாதம் தவறாமல் வருகிற வள்ளக்காரர். போன வாரம் இருட்டில் மணல்திட்டில் மோதி அவருடைய வள்ளம் உடைந்துபோனது. விவரம் தெரியாத பியூன் அவர் கையிலும் ஒரு லட்டைக் கொடுத்துவிட்டான்.

"என்ன சார் விசேஷம்?"

மறைக்க முடியவில்லை. பணம் திரும்பிப் போனதைச் சொன்னேன்.

அவர் லட்டை அப்படியே என் கோப்பின் மேல் வைத்தார்.

"இதையும் மிச்சம்னு எழுதிக்கிடுங்க, சார்."