கோல் கீப்பருக்குப் பிணை

1997 சித்திரை 27, ஞாயிறு

வெயில். காற்றில்லை. காலையில் பந்தின் பிளடருக்கு ஆறாவது ஒட்டு. வேறென்ன, சைக்கிள் டியூப் துண்டுதான். இனி ஒட்டின் மேல் ஒட்டு. பந்து ஒரு பக்கம் கனத்து, உதைத்தால் இடப்பக்கம் இழுக்கிறது. எங்கள் ஆட்களுக்குப் பழகிவிட்டது. எதிராளிக்குப் பழகாது. நல்லது.

பின்னேரம் கழகக் கூட்டம், என் சைக்கிள் கடைக்குள். தலைவர் வரவில்லை, காய்ச்சலாம். போன கூட்டத்துக்கும் காய்ச்சல். வருகிற ஞாயிறு அரையிறுதி, அதற்கடுத்த ஞாயிறு இறுதி. இடம்பெயர்ந்து வந்தவர்களை நாங்கள் அள்ளிச் சேர்க்கிறோம் என்று மற்றக் கழகங்கள் முறைப்பாடு. முன்பென்றால் பழைய கழகத்தின் விலகல் கடிதம் வேண்டும். இப்போது பழைய கழகம் எந்த மரத்தின் கீழ் இருக்கிறதென்றே தெரியாது, யாரிடம் கடிதம் கேட்பது? வந்தவன் விரும்பிய கழகத்துக்கு ஆடலாம் என்று லீக் விட்டுவிட்டது.

செயலாளர் என்று நான் சேர்த்தவர்கள், இந்தக் கொப்பிக்கு மட்டும்:

ரவி. சென்டர் போர்வேர்ட். நாலு மட்சில் ஆறு கோல். தாயின் கண் ஒப்பரேஷன் என்று இயக்கத்திடம் பாஸ் எடுத்து, ஆமிப் பக்கம் இருக்கிற வவுனியாவுக்குப் போனவன், போனவன்தான்.

தாடிக்காரன். மாவட்ட அணிக்கு ஆடினவனாம். பந்து வந்தால் மரியாதையாக வழி விடுவான். கேட்டால் கிறவுண்ட் சரியில்லை. சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது.

கிளிநொச்சி அண்ணன் தம்பி. அண்ணனுக்கு ஆசைப்பட்டுத் தம்பியையும் சேர்த்தோம். அண்ணனின் முழங்கால் முதல் மட்சிலேயே போயிற்று. தம்பிதான் இப்போது முன்வரிசையில் எல்லாம்.

யோகன். கோல் கீப்பர். அதிகம் கதைக்க மாட்டான். இவன் வந்தபின் ஏழு மட்ச், வாங்கியது இரண்டு கோல்.

வைகாசி 2, வெள்ளி

யோகன் கடைக்கு வந்தான். கையில் பாஸ் விண்ணப்பம். மனைவி வசந்திக்கு வயிற்றில் எட்டு மாதம் நடக்கிறது. முதல் பிள்ளை பிறந்தே இறந்தது என்று இன்றுதான் எனக்குத் தெரியும்.

"பிள்ளை குறுக்க கிடக்காம் அண்ணை. இங்க வெட்டி எடுக்க ஆளில்லை, வவுனியாவுக்குக் கொண்டு போ எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். ஒரு மாசப் பாஸ். நீங்கள் பிணை நிக்க வேணும்."

இடம்பெயர்ந்தவனுக்கு இடம்பெயர்ந்தவன் பிணை நிற்க ஏலாது. இங்கே வீடுவளவு உள்ள ஆள்தான் வேண்டும். அவனுக்கு இங்கே தெரிந்த வீட்டுக்காரன் நான் ஒருவன்.

ரவிக்குப் பிணை நின்றது என் மச்சான். கையெழுத்து வை என்று கெஞ்சியது நான். ரவி வரவில்லை, இயக்கத்தார் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாற்பது நாள் பங்கர் வெட்டு, எல்லைப் பக்கம். மலேரியாவோடு வந்தார். இன்றுவரை என்னோடு கதை இல்லை.

யோகனிடம், இறுதி மட்ச் முடியட்டும், திங்கள் காலை வைக்கிறேன் என்றேன். டொக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்றும் சொன்னேன். "சரி அண்ணை" என்று பேப்பரை மடித்தான். மறுத்துச் சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வைகாசி 4, ஞாயிறு

அரையிறுதி. 1–0. தம்பியின் கோல்.

இடைவேளைக்குப் பின் கிபிர் விமானச் சத்தம். விசில் மூன்று தரம் ஊதினால் எல்லோரும் பங்கருக்குள். நடுவர் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசியாக இறங்குவார். யார் கடைசியாகத் தொட்டது என்ற சண்டை பங்கருக்குள்ளேயே முடிந்துவிடும். இருபது நிமிடம் கிடந்தோம். எங்கோ கிழக்கில் போட்டுவிட்டுப் போனான். சாரத்தில் மண்ணைத் தட்டிவிட்டு மீண்டும் ஆட்டம். எல்லைக்கோட்டில் கொடி பிடித்த நான் பங்கர் வாசலை விட்டு நகரவில்லை. கொடி பிடிக்க வேறு ஆளை விட்டேன்.

கமலா (என் மனிசி) வசந்தியைச் சங்கக்கடையில் கண்டாளாம். கால் இரண்டும் வீங்கியிருக்கிறதாம். இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

வைகாசி 8, வியாழன்

மழை. கடையில் ஆளில்லை. ஓமந்தைப் பக்கம் ஆமி சேர்கிறான் என்று கதை. இப்படி எத்தனை கதை கேட்டாயிற்று. இன்றே போய்க் கையெழுத்து வைத்தால் என்ன? நினைத்தேன். எழும்பி சேர்ட்டும் போட்டேன். மச்சான் நடக்கிற நடை கண்ணுக்குள் வந்தது. சேர்ட்டைக் கழற்றினேன்.

வைகாசி 11, ஞாயிறு

இறுதி. கோல் இல்லாமல் முடிந்து பெனால்டி. யோகன் இரண்டு தடுத்தான். கப் எங்களுக்கு. ஆறு வருடத்துக்குப் பின்.

என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். மேலே இருந்து பார்த்தபோது, வேலியோரம் குடையோடு வசந்தி. அவள் கப்பைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

வைகாசி 12, திங்கள்

ஏழு மணிக்கே யோகன் வந்துவிட்டான். தேய்த்த சேர்ட். நான் என்ன செய்தேன்? விண்ணப்பத்தில் வசந்தியின் படம் தெளிவில்லை, பாஸ் கொடுக்கிற கந்தோரில் திருப்பி அனுப்புவார்கள், வேறு படம் கொண்டுவா, நாளைக்குப் பார்ப்போம் என்றேன். படத்தில் ஒரு குறையும் இல்லை.

மட்ச் முடிந்துவிட்டது. இனி மட்சைச் சாட்ட ஏலாது. பயம். அவ்வளவுதான்.

வைகாசி 13, செவ்வாய்

விடிய முன்பே தெற்கில் செல் சத்தம், விடாமல். பத்து மணிக்கு டிராக்டர்கள் வரத் தொடங்கின. பாய், பானை, ஆடு, கதிரை, கிழவர்கள். ஓமந்தை, புளியங்குளப் பக்கத்துச் சனம். ஆமி வெளிக்கிட்டுவிட்டான். வவுனியா றோட்டுப் பூட்டு.

ஒரு கிழவர் டியூப் ஒட்ட வந்தார். எப்போது திறக்கும் என்று அவரைக் கேட்டேன். அவருக்கு எப்படித் தெரியும். ஒட்டுக்கு அரம் போடவும் கை வரவில்லை.

யோகன் வரவில்லை.

வைகாசி 14, புதன்

காலையில் நானே போனேன். தறப்பாள் கொட்டில், உள்ளே அடுப்புப் புகை. வசந்தி எழும்பக் கஷ்டப்பட்டு எழும்பினாள், நான் வந்ததற்காக. இருங்கோ பிள்ளை என்றேன். விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, சைக்கிள் சீற்றில் வைத்துக் கையெழுத்து. பழைய படமேதான். யோகன் படத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

மடுப் பக்கத்தால் மன்னார் போய், அங்கிருந்து சுற்றி வவுனியா போகலாமாம். காட்டு றோட்டு. எத்தனை நாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

வைகாசி 16, வெள்ளி

பாஸ் கிடைத்தது. ஆனி 15 வரை. போய்விட்டார்கள். மடு வரை டிராக்டர் பெட்டியில் வைக்கோல் போட்டு வசந்தி, பின்னால் யோகன் சைக்கிளில். இரண்டு டயரும் என் கடையில் கிடந்த நல்லவை. அதைச் செய்ததும் மனம் கொஞ்சம் ஆறியது. அப்படி ஆறியதும் எனக்கே பிடிக்கவில்லை.

பயங்கள்: வழியில் வலி வந்தால். காட்டுக்குள் மழை பிடித்தால். சோதனையில் யோகனை மறித்தால். அவர்கள் திரும்பாவிட்டால். கடைசியை எழுதிவிட்டு வெட்டினேன். பிறகு திரும்ப எழுதினேன்.

வைகாசி 27, செவ்வாய்

பாஸ் கந்தோர்க்காரர் ஒருவர் காற்றடிக்க வந்தார். பம்பை நானே அடித்தேன். போகும்போது சும்மா கேட்டார்: "உங்கட ஆள் எப்பவாம் வாறார்?" தவணை இருக்கிறது என்றேன். சிரித்துவிட்டுப் போனார். வியர்வையில் சேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது.

ஆனி 8, ஞாயிறு

மன்னாரால் வந்த ஒருவர் சொன்னது: வவுனியா போனவர்களை முகாமில்தான் வைத்திருக்கிறார்கள். சிலர் கொழும்புக்கு மாறிவிட்டார்கள். வரவே யோசிக்கிறார்கள். அங்கே குண்டு விழாது, ஆஸ்பத்திரி உண்டு.

வராமல் இருக்கட்டும் என்று கமலாவிடம் பெரிய மனிதன் போலச் சொன்னேன். பிறகு, என்னைப் பங்கர் வெட்டக் கூட்டிக்கொண்டு போனால் என்று, பைக்குள் ஒரு சாரம், துவாய், மலேரியாக் குளிசை எடுத்து வைத்தேன். "உதுக்குள்ள சோப்பும் வையுங்கோ" என்றாள். கோபமா, பகிடியா, தெரியவில்லை.

இன்னும் ஏழு நாள்.

ஆனி 14, சனி

இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை. மத்தியானம் ஒரு றிம் நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். வாசலில் யோகன். தனியாக. தாடி, முகம் கறுத்து, கண் உள்ளே போய்.

வசந்தி எங்கே என்று நான் கேட்கமுன் அவனே சொன்னான். வெட்டித்தான் எடுத்தார்களாம். பெண் பிள்ளை. தாய்க்கு இரத்தம் நிறையப் போனது, ஆனால் தப்பிவிட்டாள். இருவரும் அங்கே முகாமில். பிள்ளை பிறந்து எட்டாம் நாள் இவன் வெளிக்கிட்டிருக்கிறான். திரும்ப அந்தப் பக்கம் போக விடுவார்களா, எப்போது விடுவார்கள், அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வாசலில் அவனைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என்னை நினைத்து. அவளையோ பிள்ளையையோ நினைத்து இல்லை. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கொப்பி முழுக்கப் பொய்.

"ஏன் வந்தனி? அங்கயே நிண்டிருக்கலாமெல்லோ" என்றேன்.

செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தான். வாயைத் துடைத்தான்.

"நீங்கள் பயந்த ஆள் அண்ணை. வசந்திதான் சொன்னவள், அந்த அண்ணை பாவம், தவணைக்குள்ள போயிட்டு வாங்கோ எண்டு."

கமலா சோறு போட்டாள். சாப்பிட்டான். பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லையாம்.