மூன்றரை எச்பி

ஜூலை 6, ஞாயிறு

படகு வந்துவிட்டது. கார் நிறுத்தும் இடத்தில் கவிழ்த்துப் போட்டிருக்கிறோம். கார் தெருவில் நிற்கிறது. எதிர்வீட்டு ஷ்யாம்சுந்தர் சார் வந்து படகைத் தட்டிப் பார்த்தார். "வரதராஜபுரத்துல எல்லாரும் வீட்டை உசத்திக் கட்டறாங்க, நீங்க படகு வாங்கிருக்கீங்க மேடம்." சிரித்துவைத்தேன். காரணம் சொல்லவில்லை.

இங்கே சொல்லிக்கொள்ளலாம். இவருக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். போன டிசம்பரில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஒரு முறை போக முடியவில்லை. மறுநாள் மூச்சு வாங்கியது. மீட்புக்காரர்கள் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, விழாமலிருக்கக் கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். சட்டை இல்லை, லுங்கி நனைந்திருந்தது. யாரோ அதைப் படம் பிடித்து காலனி குரூப்பில் போட்டார்கள். கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இவர் சொன்னார்: "இனிமே தண்ணி வந்தா என்னை விட்டுடு யூனி. அப்படி ஒருத்தன் போகணுமா?"

கொஞ்ச நாள் கழித்துப் படகு விசாரிக்க ஆரம்பித்தேன். ஒரு ரிசார்ட்டில் கழித்துப் போட்ட ஃபைபர் படகு. நாலு பேர் உட்காரலாம்.

இனி மோட்டார்.

ஜூலை 12, சனி

துடுப்பு போதாதா? போதாது. வெள்ளம் வந்தால் ஆற்றுத் தண்ணீர் மெயின் ரோட்டைக் குறுக்கே அடித்துக்கொண்டு போகும். எதிர்த்துத் தள்ள எனக்குத் தெம்பில்லை. இவருக்கு இடது கையில்தான் டயாலிசிஸ் ஊசி போடுகிறார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, எதையும் வெட்டி இழுக்கக்கூடாது.

ஆக, மோட்டார் நான் தூக்குகிற எடையில் இருக்க வேண்டும். நான் இழுத்தால் கிளம்ப வேண்டும். புதிது வாங்க வசதியில்லை.

ஜூலை 27, ஞாயிறு

கோவளம் போயிருந்தேன். அத்தாவுல்லா பாய் பழைய படகு மோட்டார் வாங்கி விற்பவர். அறுபது இருக்கும். தகரக் கொட்டகைக்குள் மோட்டார்கள் மரச்சட்டத்தில் வரிசையாகத் தொங்குகின்றன, கசாப்புக் கடை மாதிரி.

"மீன் புடிக்கவா மேடம்?"

"ஆஸ்பத்திரிக்குப் போக."

கையிலிருந்த பெரிய மோட்டாரைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப இது வோணாம்."

எட்டு எச்பி ஒன்றைக் காட்டினார். கயிற்றை இழுத்துப் பார்த்தேன். மோட்டார் அசையவில்லை, என் தோள்தான் அசைந்தது. இப்போதும் வலிக்கிறது. வீட்டில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஷ்யாம்சுந்தர் சாரின் நண்பரிடம் ஒரு பத்து எச்பி சும்மா கிடக்கிறதாம். "குடுக்கறதைக் குடுங்கன்றார் மேடம். பவர் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே?"

ஆசைப்பட்டுவிட்டேன். பணம் மிச்சமாகுமே. இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். இவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பின்பக்கம் அமுங்கி, மூக்கு மேல தூக்கும்," என்றார்.

இவ்வளவு நாளில் இந்த விஷயமாக இவர் சொன்ன முதல் வாக்கியம். முப்பது வருஷம் மறைமலை நகர் தொழிற்சாலையில் எஞ்சின் பாகங்களோடு இருந்த மனிதர். பத்து எச்பியை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. மறுபடி கோவளம். இரண்டு இருந்தன. ஒன்று பழைய டூ ஸ்ட்ரோக். ஒரு கையால் தூக்கிவிட்டேன். இரண்டு இழுப்பில் கிளம்பியது, விலையும் குறைவு. எனக்கு அதுதான் என்று தோன்றிவிட்டது. பாய் அடியில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி ஆயிலை விரலில் எடுத்துக் காட்டினார். பால் விட்ட காபி நிறம்.

"உள்ள தண்ணி பூந்துகினு கீது. போன வாரம்தான் என்கிட்ட வந்துச்சு, நான் பாக்கல. இது உங்களுக்கு வோணாம்."

மற்றது ஃபோர் ஸ்ட்ரோக், மூன்றரை எச்பி. கனம். இரண்டு கையாலும் தூக்கி இடுப்புவரை கொண்டுவந்தேன், படிக்கட்டு ஏற முடியுமா தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இவரும் வந்தார். "சும்மா கார்ல உக்காந்திருக்கேன்." அப்படியே உட்கார்ந்திருந்தார். பாய் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி மூன்றரையை மாட்டி ஓடவிட்டதும் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

மோட்டாரின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் மெல்லிசாக வளைந்து விழுந்தது. பாய் அதில் விரலை வைத்துக் காட்டினார். "இது வுடாம போகணும். அட்ச்சுகிச்சுன்னா உள்ள சூடாயி எஞ்சின் காலி."

இவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுக்காவது ஒழுங்கா போகுதே," என்றார்.

பாய்க்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இவருக்குச் சிறுநீர் சரியாகப் போவதில்லை. சிரிப்பதா கூடாதா என்று நான் நிற்கும்போதே இவர் சிரித்துவிட்டார். பிறகு நிறுத்தச் சொல்லி, வலது கையால் தானே இழுத்துக் கிளப்பினார். ஆயிலைப் பார்த்தார். ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

வாங்கிவிட்டோம். டிக்கியில் பெட்ஷீட் சுற்றி.

செப்டம்பர் 7, ஞாயிறு

சண்டை.

சர்ச்சில் யாரோ கேட்டிருக்கிறார்கள், "உங்களுக்காகத்தான் படகாமே?" வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நாற்காலிக்குப் பதிலா இப்ப படகுல கட்டித் தூக்கிட்டுப் போகப்போற. அவ்ளோதானே?"

கேக்கலதான். எதுக்குக் கேக்கணும்? இவர் பாட்டுக்கு விட்டுடுன்னு சொல்லிட்டாரு. விட்டுட்டு நான் என்ன பண்றது — மாடில உக்காந்து பாத்துட்டு இருக்கறதா? அதை அவர் என்னைக் கேட்டாரா?

இதை அவரிடமே சொல்லிவிட்டேன். சத்தமாக. பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றது.

செப்டம்பர் 8, திங்கள்

தட்டில் வைத்தேன், சாப்பிட்டார்.

அக்டோபர் 19, ஞாயிறு

மதியம் தூங்கி எழுந்து வெளியே வந்தால், பழைய பேப்பர் விரித்து மோட்டாரின் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "பெட்ரோலை உள்ளயே விட்டு வெச்சா பிசினாயிடும். யாரும் சொல்லலையா உனக்கு?"

இல்லை என்றேன். ஒரு சின்ன பிரஷ் கேட்டார். தேடிக் கொடுத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. நான் வேலை பார்க்கும் காலேஜ் ஆபீஸில் கூரை ஒழுகுகிறது. வீட்டில் ஒன்றுமில்லை.

டிசம்பர் 1, திங்கள்

ரெட் அலர்ட். லீவு விட்டுவிட்டார்கள். சாயங்காலம் தெருவில் முழங்கால் தண்ணீர், எங்கள் இரண்டாவது படிவரை. இவர் டயாலிசிஸ் ஃபைலை பிளாஸ்டிக் கவரில் போட்டு, மோட்டாரை ஒருமுறை கிளப்பி நிறுத்தினார். நான் கேட்காமலே.

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில் தண்ணீர் அதே இரண்டாவது படியில் நின்றது. ஏறவில்லை. வேன் போகிற அளவுதான் தண்ணீர் என்று தெருவில் சொன்னார்கள். படகு தேவைப்படாது. இவர் வாசலில் நின்று படியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் என்ன அது — ஏமாற்றமா? ஆமாம், ஏமாற்றம்தான். எனக்குக் கோபமாகக்கூட வந்தது.

அப்போது டயாலிசிஸ் சென்டரிலிருந்து போன். இன்றைக்குத் தாமதமாகும், ஜான்சி வர முடியவில்லை என்றார்கள். ஜான்சிதான் அங்கே மெஷின் போடுகிற பெண். இன்னொரு பெண் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். ஜான்சி வீடு முடிச்சூரில், ஆற்றை ஒட்டிய தெரு. அங்கே மார்பளவு தண்ணீர். சென்டரில் காலை ஷிப்ட் நோயாளிகள் ஏற்கெனவே வந்து காத்திருக்கிறார்கள்.

இவர் போனை வைத்தார். "யூனி, படகை ஏத்தணும்."

"உங்களுக்கு இன்னைக்கு டயாலிசிஸ்."

"அவ வந்தாதானே எனக்கும்?"

ஷ்யாம்சுந்தர் சார் ஒரு குட்டியானை மினி லாரி பிடித்துவந்தார். நாலு பேர் சேர்ந்து ஏற்றினோம். முடிச்சூரில் தண்ணீர் ஆழமாகிற முனையில் இறக்கினோம். மோட்டார் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. இவர் பின்னால், கைப்பிடியோடு. நான் முன்னால், கழியால் குப்பையைத் தள்ளிக்கொண்டு. பாதி வழியில் ஒரு பழைய புடவை விசிறியில் சுற்றி மோட்டார் நின்றது. தண்ணீர் இழுப்பில் படகு பக்கவாட்டில் போய் ஒரு கேட்டில் இடித்தது. இவர் மோட்டாரைச் சாய்த்துத் தூக்கிவிட்டு, வெளியே குனிந்து வலது கையால் கத்தி போட்டு அறுத்தார். நான் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அறுத்து முடித்ததும், "விடு, பேன்ட் கழண்டுடும்," என்றார்.

ஜான்சி மாடிப்படியில் பையோடு நின்றிருந்தாள். "அங்கிள்! நீங்களா?"

"நீ இல்லாம எனக்கு யார் ஊசி குத்துவா? ஏறு."

அவளைக் குட்டியானையில் ஏற்றிவிட்டோம். நாங்களும் கூடப் போக வேண்டியதுதான். ஆனால் அதே தெருவில் இன்னும் பலர் மாடியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் என்னைப் பார்த்தார். நான் வாட்சைப் பார்த்தேன். "ரெண்டே தடவை," என்றேன். நாலு தடவை போனார்.

கடைசியாக மெஷினில் படுத்தவர் இவர். முகம் வீங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் பூட்ஸ்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டார்.

டிசம்பர் 4, வியாழன்

நேற்றும் படகில் ஆட்களை ஏற்றிவரப் போனார். நானும் ஷ்யாம்சுந்தர் சாரும் மாறி மாறிக் கூடப் போனோம்.

இவருக்குத் தண்ணீரே அளவுதான். இன்று சென்டரில் எடை பார்த்துவிட்டு ஜான்சி கத்தினாள். "மூணு கிலோ ஏறிருக்கு அங்கிள்! என்ன குடிச்சீங்க?"

"போன வீட்டுலல்லாம் டீ குடுத்தாங்க."

"எல்லாத்தையும் குடிச்சீங்களா?"

"வேணாம்னா தப்பா நெனைச்சுப்பாங்கம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். முணுமுணுத்துக்கொண்டே ஊசி குத்தி, அரை மணி நேரம் கூடுதலாக வைத்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் ஏதோ கேட்டார்போல. இவர் குரல் கேட்டது.

"எட்டு எச்பி வேணாம் சார், வீட்டுல லேடீஸால இழுக்க முடியாது. நாங்க வாங்கினது மூன்றரை. அடுத்த ஞாயிறு வாங்க, ஓட்டிக் காட்டறேன்."