ஒன்பது நிமிடக் கேசட்

போர்ட் சயீத்
3 மார்ச் 2004

அன்புத் தங்கை ஃபத்ஹியாவுக்கு அண்ணனின் ஸலாம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாப்பிள்ளை ரிஃபாத், நான் இரவல் கொடுத்த கேமராவை எதிரே வைத்துத் தனியாகப் பேசியது வீடியோ கேசட்டாக வருகிறது. கேமராவின் குட்டி டிஸ்க் உன் வீட்டுப் பெட்டியில் ஓடாது. அதனால் என் கடையில் டிவிடி பிளேயரை ஹோம் தியேட்டர் ரிசீவரில் மாட்டி, ரிசீவரிலிருந்து கேசட் ரெக்கார்டருக்கு வயர் இழுத்துப் பதிவு செய்தேன். கடை முழுக்க மாப்பிள்ளை குரல்தான். கேமரா நேற்று விற்றுப்போனது.

அவர் இறந்த நாற்பதாம் நாளுக்குள் நீ கேட்க வேண்டுமென்று பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா? ஒரு வரி எழுதக்கூட உனக்கு மனசில்லை.

உன் அண்ணன்
ஹம்தி

தன்தா
9 மார்ச்

அன்புள்ள அண்ணா,

படம் இருக்கிறது, சத்தம் இல்லை. பக்கத்து வீட்டிலும் போட்டுப் பார்த்தோம். கரீம், "அப்பா ஏம்மா சத்தமில்லாம பேசறாரு?" என்று டிவியைத் தட்டுகிறான். ஒன்பது நிமிடம் பேசுகிறார்.

நான் பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்கு வந்த நேரத்தில் பேசியது அது. நான் திரும்பிப் போனபோது அவருக்கு நினைவில்லை. அப்புறம் கண்ணே திறக்கவில்லை. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்தக் குட்டி டிஸ்கை அனுப்பு.

ஃபத்ஹியா

போர்ட் சயீத்
14 மார்ச்

தங்கச்சி,

தப்பு என்னுடையது. பிளேயரிலிருந்து ரிசீவருக்குச் சத்தம் வர கண்ணாடி இழை வயரை மட்டும் மாட்டியிருந்தேன். அதில் வருவது ஸ்பீக்கருக்குப் போகும், ரெக்கார்டருக்குப் போகாது. அதற்குச் சிவப்பு, வெள்ளை வயரும் வேண்டும். வாங்குகிறவனுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற நானே மறந்தேன். காதில் விழுந்ததால் பதிவாகிறது என்று நம்பி ஓட்டிப் பார்க்கவில்லை.

டிஸ்க்கும் இல்லை. அழித்து எழுதுகிற வகை. துடைத்துக் கேமராவோடு கொடுத்துவிட்டேன்.

ஆனால் நான் கேட்டேனே! "உம்மு கரீம், உனக்கு நிறைய கஷ்டம் குடுத்துட்டேன், மன்னிச்சிரு. உன்ன மாதிரி ஒருத்தி கெடைக்க மாட்டா. பிள்ளைங்கள பாத்துக்க" என்றார். இதை மனசில் வைத்துக்கொள்.

ஹம்தி

தன்தா
20 மார்ச்

அண்ணா,

மகன் பெயரைச் சேர்த்து உம்மு கரீம், கரீமின் அம்மா என்றுதான் ஊரே என்னைக் கூப்பிடுகிறது. அவர் மட்டும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "மூத்தவ ஹனான் இருக்கா. பொண்ணுன்னா அவ பேரு வாயில வராதா?" என்று நம் அம்மாவிடமே சண்டை போட்டவர். அவருக்கு நான் உம்மு ஹனான். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிற உனக்கு அது எப்படித் தெரியும்?

கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார். கரீம் என்றால் முடிவில் இன்னொரு தடவை உதடு ஒட்ட வேண்டும். அவருக்கு ஒட்டவில்லை. ஹனானும் நானும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தோம்.

வாடிக்கையாளருக்குப் பிடித்ததைச் சொல்வது போல எனக்கும் சொல்லிவிட்டாய். கேட்டாயா, கேட்கவில்லையா? அதை மட்டும் எழுது.

ஃபத்ஹியா

போர்ட் சயீத்
27 மார்ச்

ஃபத்ஹியா,

கேட்கவில்லை.

அவர் இருமினார், தொண்டையைச் செருமினார். அது வரைக்கும்தான் கேட்டேன். தமியாத்திலிருந்து ஒருவன் ஃப்ரிட்ஜ் வாங்க வந்திருந்தான். "ஹாஜி, அந்த ஆள வாய மூடச் சொல்லுங்க, நீங்க பேசறது ஒண்ணும் காதுல விழல" என்றான்.

ரிசீவரில் சத்தத்தைக் குறைத்தாலும் பதிவு குறையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் முழுக்கக் குறைத்தேன்.

ஹம்தி