சங்கிலியைத் தாண்டியவர்கள் நால்வர்

10-2-1981, செவ்வாய்
காலை 6.00 முதல் 9.00 வரை. ஈரவழியைக் கடந்தவர்கள்: 4.

லேசான பனி. ஏழரைக்கெல்லாம் வெயில். மிளகுக் கிடங்குக் காற்று, இரண்டு தும்மல்.

ஈரவழிச் சந்தின் அளவுகள்: நீளம் 88 மீ. அகலம் 1.4, ஓரிடத்தில் 1.25. இரு பக்கமும் கிடங்குச் சுவர். ஒரு முனையில் நம் ஆட்கள் துணி துவைக்கும் தொட்டிகள், மறுமுனையில் காயப்போடும் மைதானம். தரை: ஈரம். ஓடைக் கசிவாக இருக்கலாம்.

கிடங்கு முதலாளிக்கு இங்கே இரும்புக் கதவு போட வேண்டும். வழியை இப்போது யாரும் உபயோகிப்பதில்லை என்று கோர்ட்டில் மனு. கோர்ட் கமிஷனருக்காக அளந்து, ஆள் எண்ணிக் கொடுக்கும் வேலை எங்கள் சர்வே ஆபீசுக்கு வந்தது. என் வீடு அங்கேதான் என்று சாரிடம் சொன்னேன். ரொம்ப நல்லது, எர்ணாகுளத்திலிருந்து போட்டில் வந்து போகும் நேரம் மிச்சம் என்றார்.

எண்ணுவதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டேன். தொட்டிப் பக்கத்து வாயின் குறுக்கே அளவுச் சங்கிலியை விறைப்பாக இழுத்து இரண்டு முளை. அதைத் தாண்டினால்தான் கணக்கு. தகராறுக்கு இடமில்லை.

தாண்டியவர்கள்: சுமை தூக்குபவர் 2, குடையோடு ஒரு டீச்சர், மீன்கூடைச் சேட்டன் ஒருவர். நாய் 3, சேர்க்கவில்லை.

நம் ஆட்கள் பலர் மூட்டையோடு முனை வரை வந்தார்கள், பார்த்தார்கள், பஜார் ரோடு பக்கம் திரும்பிப் போனார்கள். அப்பாவும். வேடிக்கை. ஆக, வேறு வழி இருக்கிறது, அதில் போகவும் முடிகிறது. அதையும் எழுதிக்கொண்டேன். பேச்சியக்கா சாயா கொண்டுவந்து சங்கிலிக்கு அந்தப் பக்கமே வைத்துவிட்டுப் போனாள். நான்தான் எழுந்து போய் எடுக்க வேண்டியிருந்தது. எரிச்சல்.

11-2, புதன்
வழி எப்போதிலிருந்து உண்டு என்று மூன்று பேரிடம் கேட்டேன்.

சண்முகம் மாமா: வெள்ளைக்காரன் பட்டாளத்துச் சட்டையெல்லாம் இதில்தான் போயிற்றாம்.
பேச்சியக்கா: அவள் கல்யாண ஊர்வலம் இதில் வந்தது. குடை இடிக்கிறது என்று மடக்கிப் பிடித்தார்களாம். பிறகு மாமியார் சண்டை, முக்கால் மணி நேரம்.
அப்பா: "எப்பவும்."

‘எப்பவும்’ என்பது தேதி அல்ல. நான் எந்த வருஷம் என்றுதான் கேட்டேன், கதை கேட்கவில்லை என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

12-2, வியாழன்
ரிப்போர்ட் டைப் ஆகி கமிஷனருக்குப் போயிற்று. ‘வழக்கமான உபயோகம் காணப்படவில்லை.’ என் வாக்கியம். ஒரு சொல் திருத்தாமல் சார் அப்படியே விட்டார். திரும்பும்போது போட்டில் உட்கார இடம் கிடைத்தது. நல்ல நாள்.

14-2, சனி
எழுதக் கை வரவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

பேச்சியக்கா சாயங்காலம் என் சட்டைகளை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தாள். இடது காலைச் சற்று இழுத்துத்தான் எப்போதும் நடப்பாள், இன்று கூடுதல். கட்டிலில் சட்டையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தம்பி, செவ்வாக்கெழம அளந்தது சரியா வந்துச்சா? நம்மாளு ஒருத்தரும் தாண்டல. நான் தொட்டிக்கிட்டயே நின்னு சொல்லி விட்டேன், நம்ம புள்ள கயிறு பிடிச்சிருக்கான், சுத்திப் போங்கன்னு."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? பாலிடெக்னிக் போனா இதும் மறந்து போகுமோ? கொடி கட்டுறப்ப தாண்டுனா கயிறு தளரும்ல. உன் சங்கிலி தளந்து, நம்ம வழி ஒரு சாண் குறஞ்சு போச்சுன்னா?"

கொடிக்கயிறு. இரண்டு பிரியைச் சேர்த்து முறுக்கி விறைப்பாகக் கட்டுவது. முறுக்குக்குள் துணி நுனியைச் செருகினால் போதும், காற்றுக்கு விழாது. கட்டி முடிக்கும் வரை யாரும் அதைத் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். இந்தத் தெருவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஏழு வயதில் தாண்டி அப்பாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். டேப்பும் சங்கிலியும் கைக்கு வந்தபிறகு அது மனதில் எங்கே போயிற்று?

அந்த நாலு பேர் தாண்டியதைப் பற்றி அவளுக்கு வருத்தம். வெளியாட்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்றாள். அன்று பஜார் ரோட்டில் லாரிக்கு ஒதுங்கும்போது கால் மடங்கிவிட்டதாம், அதுவும் போகிற போக்கில் சொன்னாள்.

"சரியா வந்துச்சுக்கா" என்றேன்.

அதைச் சொன்னதும் நான்தான். சங்கிலி இழுத்ததாவது தெரியாமல் செய்தது.

15-2, ஞாயிறு
6.00 முதல் 9.00 வரை. சங்கிலி இல்லை. கிடங்குப் படியில் பேப்பரோடு உட்கார்ந்தேன். ஞாயிறு, பாதிப் பேர்தான் வேலைக்கு. எண்ணிக்கை: 96.

சுவர் இரு பக்கமும் தேடினேன், ஓடை கிடையாது. மூட்டைத் தண்ணீர். செவ்வாயன்று ஆறு மணிக்கே தரை நனைந்திருந்தது, ஐந்து மணி மூட்டைகள் எனக்கு முன்பே போயிருந்தன. அதன்மேலேயே நின்றுகொண்டு ‘கசிவு’ என்று எழுதியிருக்கிறேன்.

ஏழேகாலுக்கு அப்பா. தலையில் மூட்டை, கழுத்து வழியாகத் தண்ணீர். வழியின் முனையில் நின்று தரையை இடமும் வலமும் பார்த்தார். சங்கிலி இல்லை என்று தெரிந்த பிறகுதான் காலை வைத்தார். என்னைத் தாண்டும்போது என் பேப்பரில் சொட்டாமல் மூட்டையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டு போனார்.

பஜார் ரோடு சுற்று: 610 மீ. பிற்பகல் நானே அளந்தேன். கைவீசி நடந்தே ஒன்பது நிமிஷம்.

16-2, திங்கள்
சாரிடம் சொன்னேன். மலையாளத்தில் தடுமாறாமல் சொல்ல நேற்றே மனதில் அடுக்கி வைத்திருந்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். கயிறு தளருமா, சங்கிலி இரும்பு அல்லவா என்றார். எத்தனை பேர் என்றுதான் கேட்டார்கள், ஏன் வரவில்லை என்று யார் கேட்டார்கள் என்றார். போன புதன்கிழமை நான் மாமாவிடம் பேசிய அதே தொனி. காதில் கேட்கும்போதுதான் எப்படி இருக்கிறது என்று தெரிகிறது.

ரிப்போர்ட் போயாயிற்று, வெள்ளிக்கிழமை விசாரணை, மாற்றிச் சொல்லப் போனால் இந்த மேஜை எனக்கு இல்லை என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சாயா வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார். குடித்தேன்.

17-2, செவ்வாய்
கிடங்கு வாசலில் இரும்புச் சட்டம் வந்து இறங்கியிருக்கிறது. சிவப்புப் பெயின்ட், இன்னும் காயவில்லை.

சாயங்காலம் தொட்டியடியில் எல்லோரும் கூடினார்கள். விஷயம் தெரிந்த ஓர் ஆளைச் சாட்சிக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் நம் வக்கீல். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று இவர்கள் யாருக்கும் தெரியாது.

"நம்ம கையில ஒரு என்ஜினீயரே இருக்கானே, வேற ஆர வேணும்?" சண்முகம் மாமா. புதன்கிழமை நான் முகம் சுருங்க வைத்த அதே மாமா.

யாரோ கை தட்டினார்கள். நான் என்ஜினீயர் இல்லை, டிப்ளமோ என்றேன். அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அப்பா மட்டும் கூட நடந்தார். வீட்டு வாசலுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றும்போது:

"நீ யாருக்கு அளந்தே?"

"கோர்ட்டுக்குப்பா."

"அப்பச் சரி" என்றார். உள்ளே போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

செய்ய வேண்டியவை:

1. நாளைக் காலை ஐந்துக்குத் தொட்டியடியில் பேச்சியக்காவிடம் சொல்வது. எல்லோர் முன்னாலும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாது. ‘4’ என்று எழுதியது நான், ‘காணப்படவில்லை’ என்பதும் நான், சனிக்கிழமை சொன்னது பொய்.

2. இரண்டு பிரதி எழுதுவது: சங்கிலி மூன்று மணி நேரமும் குறுக்கே இருந்தது. ஏன் தாண்டவில்லை. 15-ந் தேதி 96. ஓடை கிடையாது. சுற்று வழி 610 மீ.

3. ஒரு பிரதி நம் வக்கீலுக்கு, மற்றது கமிஷனருக்கு, வியாழனுக்குள். கையெழுத்து என்னுடையது, ஆபீஸ் முத்திரை வேண்டாம்.

4. சாரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது. சங்கிலி, முளை, சுத்தியல் திருப்பிக் கொடுப்பது.

5. சின்ன வயதுப் பழக்கம் மறந்துவிட்டது என்று விளக்க — அடித்துவிட்டேன். அது சாக்கு.

6. வெள்ளிக்கிழமை கதவுக்கு உத்தரவாகிவிட்டால்: பேச்சியக்காவின் மூட்டை, பஜார் ரோடு வழியாக, என் தலையில்.