குமிழ் வைத்த பேஸ்

செவ்வாய், இரவு.

இன்று ஹார்டுவேர் கடையில் மானம் போனது. பலகை ஓரம் சீவும் டிரிம்மர் மிஷின் என்ன மாடல் என்று கடைக்கார பாய் கேட்டதற்கு, "பச்சை கலர்" என்றேன். என்னோடு தச்சு வேலை பார்க்கும் மகள் செல்விதான் சிரித்துக்கொண்டே சரியான மாடலைச் சொன்னாள்.

நேற்று சங்கராபுரத்து வீட்டு அலமாரிக் கதவில், ஓரத்தில் ஒட்டிய டேப்பின் மிச்சத்தைச் சீவும்போது மிஷின் சாய்ந்து மைக்காவைக் கடித்துவிட்டது. ஓரத்தில் ஓட்டும்போது மிஷினின் அடித்தகடு, அதாவது பேஸ், பாதி அந்தரத்தில்தான் நிற்கும். பேஸ் சின்னது, அதனால்தான் என்று செல்வியிடம் சமாளித்தேன்.

பாய் இரண்டு பேஸ் எடுத்து வைத்தார். ஒன்று வெறும் அகலத் தகடு. மற்றது ஒரு பக்கம் நீண்டு, முனையில் குமிழ் வைத்தது. இடது கையால் குமிழைப் பலகைமேல் அழுத்திக்கொண்டால் மிஷின் சாயாது. நான் கெத்தாகத் தகட்டை எடுத்தேன்.

"குமிழ் வெச்சதே குடுங்க பாய்," என்றாள் செல்வி.

"அது புதுசா கத்துக்கினு வர்றவங்களுக்கும்மா. உங்கப்பாவுக்கு இன்னாத்துக்கு?"

"எனக்குத்தான் பாய். எனக்குக் கை நிக்க மாட்டேங்குது."

அவள் கை நன்றாகவே நிற்கும். போன மாதம் ஒரு சமையலறையின் அலமாரிக் கதவுகள் முழுக்கச் சீவினாள், ஒரு கீறல் விழவில்லை.

சாயங்காலம் புது பேஸை மாட்டி ஒரு கதவைச் சீவினாள். பிறகு மிஷினை என்னிடம் நீட்டினாள். "நீயும் புடிச்சிப் பாருப்பா, சும்மா."

பிடித்தேன். ஓரம் வழவழவென்று வந்தது.

"பேஸ் நல்லாகீதா?"

"பரவால்ல, உனக்குத் தோதா இருக்கும்," என்றேன்.

என் கை நடுங்குவது உனக்கு எப்போது தெரிந்தது என்று மட்டும் நான் கேட்கவில்லை.