நாற்பத்துநாலும் ஆக்லாந்துக் கலண்டரும்

பக்குரங்கா, ஆக்லாந்து
6.10.1996

அன்புத் தங்கச்சி யோகராணிக்கு,

உன் சுகத்துக்கு முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கு மூவரும் நலம்.

நீ அனுப்பிய படம் கிடைத்தது. செம்மஞ்சள் ஜாக்கெட்டும் இடுப்பில் முழ நீள ரிவோல்வருமாக நிற்பது என் தங்கச்சிதானா என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கரப்பான்பூச்சிக்குப் பயந்து கதிரையில் ஏறி நின்ற ஆள் நீ. இப்போது மிச்சிகனில் மான் வேட்டையாம்! உன் மச்சாள் இராசமலர் படத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள். மகள் பிரணவி அதைக் கழற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய், தன் மாமி என்று எல்லாருக்கும் காட்டினாளாம். எனக்குத்தான் ஒன்று விளங்கவில்லை. வேட்டைக்கு ரைபிள் அல்லவா கொண்டுபோவார்கள்? இதென்ன, பொலிஸ்காரன் மாதிரி?

அது கிடக்கட்டும். தவராசா போய் மூன்று வருடமாகிறது. அந்தக் கார் விபத்தில் புருஷனைப் பறிகொடுத்து, தோளையும் உடைத்துக்கொண்டு, அந்தக் குளிருக்குள் நீ தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நீ இங்கே எங்களோடு வந்து குடியேறுவதற்கான ஸ்பொன்சர் பத்திரங்கள் தயார். என் கையெழுத்துத்தான் மிச்சம். நீ ஓம் என்று எழுது, அன்றைக்கே அனுப்பிவிடுவேன். மேல் அறைக்குப் புதுத் திரைச்சீலையும் போட்டாயிற்று.

இங்கத்தைய கோயில் கலண்டரின் நவம்பர் பக்கத்தைக் கொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். வழக்கம்போல் கந்தசட்டி விரதத்தைச் சிவப்பால் வட்டமிட்டிருக்கிறேன். எங்கிருந்தாலும் நாம் இருவரும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும்.

அன்புள்ள அண்ணா,
குலசிங்கம்


மிச்சிகன்
27.10.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதமும் கலண்டரும் கிடைத்தன. சிரித்து முடிய நேரமாயிற்று. கரப்பான்பூச்சிக்கு இப்போதும் பயம்தான்.

ஏன் ரிவோல்வர் என்று கேட்டீர்கள். என் இடது கை தோள் மட்டத்துக்கு எழும்பாது. ரைபிளைத் தாங்க அந்தக் கையை முன்னால் நீட்ட வேண்டும், முடியவில்லை. நிலத்தில் குந்தி, முழங்கைகளை முழங்காலில் ஊன்றினால் ரிவோல்வரை இரண்டு கையாலும் ஆடாமல் பிடிக்கலாம். கடைக்காரர் முதலில் சின்ன ரகம் ஒன்றைத் தந்தார். அது மானைக் காயப்படுத்தி ஓடவிடும் என்று எனக்குத் தோன்றியது. பிறகு மிகப் பெரியது ஒன்றைத் தந்தார். ஒரு வெடியில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கடைசியில் நாற்பத்துநாலு மாக்னம் எடுத்தேன். நீளக் குழல், நல்ல கனம். கனம் கூடினால் உதைப்புக் குறையும் அண்ணா. எல்லாரும் பாரம் என்று குறை சொன்ன அதே கனம்தான் எனக்கு உதவி.

ஒரு பேப்பர் பிளேட்டை மரத்தில் குத்தி வைத்துச் சுடுவேன். எவ்வளவு தூரத்திலிருந்து எல்லாக் குண்டும் பிளேட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் என் எல்லை. எனக்கு அது நாற்பது யார், அதாவது நூற்றிருபது அடி. அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய மான் நின்றாலும் நான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

விபத்துக்குப் பிறகு சட்டைப் பொத்தான் போடுவதற்குக்கூட யாராவது வந்து உதவினார்கள். பாவம் என்ற பார்வை எங்கு போனாலும் பின்னால் வந்தது. காட்டுக்குள் போனால் அது இல்லை. அங்கே நான் நன்றாக இருக்கிறேன்.

ஆக்லாந்துக்கு இதைக் கொண்டுவந்து வேட்டைக்குப் போக விடுவார்களா என்று விசாரித்து எழுதுங்கள். விடாவிட்டாலும் வருவேன். நீங்கள் இவ்வளவு கூப்பிடும்போது நான் எத்தனை காலம்தான் வராமல் இருப்பது?

உங்கள் தங்கச்சி,
யோகராணி


மிச்சிகன்
25.11.1996

அன்புள்ள அண்ணா,

உங்களிடம் ஒரு முறைப்பாடு இருக்கிறது.

வேட்டைக் காலம் இங்கு பதினைந்தாம் திகதி தொடங்கியது, விரதத்துக்கு நடுவில். ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு எடுத்தாயிற்று, அதனால் குண்டு போடாத ரிவோல்வரோடு காட்டில் போய்ச் சும்மா இருந்தேன். ஞாயிறு காலை, பனிக்குள், பால் மட்டும் குடித்து வயிறு காய்ந்து இருக்கும்போது, ஒரு கலைமான் வந்து இருபது அடியில் நின்றது. அப்படியொரு கொம்பை நான் கண்டதில்லை. உங்கள் கலண்டரில் அன்றைக்குத்தான் சூரன்போர். கையெடுத்துக் கும்பிட்டேன். அது என்னை ஆறுதலாகப் பார்த்துவிட்டுப் போயிற்று. பக்கத்துப் பண்ணைக்காரர் கேட்டுவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு இங்கத்தைய கோயில் ஐயரிடம் போனால் அவரும் சிரிக்கிறார். "பிள்ளை, அது ஆக்லாந்துக் கலண்டர். இங்கை சட்டி சனியோடை முடிஞ்சுது. நீங்கள் ஒருநாள் கூடப் பட்டினி கிடந்திருக்கிறியள்" என்றார்.

மூன்று வருடமாக நான் உங்கள் நாளில் விரதம் இருந்திருக்கிறேன்!

போன சனி ஒரு பெட்டை மான் முப்பது யாரில் பக்கவாட்டாக நின்றது. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விரலை மெல்ல இழுத்தேன். ஒரே வெடி. நின்ற இடத்திலேயே விழுந்தது. பக்கத்தில் போய் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டேன், அழுகையும் வந்தது. மச்சாள் அனுப்பிய தூள் போட்டு வைத்த கறியைப் பண்ணைக்காரர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

பத்திரம் அனுப்பியாயிற்றா? என் பதில் ஓம்தான்.

யோகராணி


பக்குரங்கா
15.12.1996

அன்புத் தங்கச்சிக்கு,

விசாரித்தேன். ஈஸ்ட் டாமாக்கியில் என்னோடு வேலை செய்யும் ரொபின் மான் வேட்டைக்காரன். இங்கே ரிவோல்வரை அனுமதியெடுத்துக் கிளப் மைதானத்தில் மட்டும் சுடலாம், காட்டுக்குக் கொண்டுபோகவே முடியாது என்றான். வேட்டை என்றால் ரைபிள்தானாம்.

பிறகு தன் கிளப்புக்கு என்னை விருந்தாளியாகக் கூட்டிப்போனான். அதே நாற்பத்துநாலு. உன்னை மாதிரிப் பேப்பர் பிளேட் ஒன்று வைக்கச் சொன்னேன், அதுவும் நீ சொன்ன தூரத்தில் பாதி. ஒருவர் என் பின்னால் நின்று பிடித்துக்கொள்ள, எனக்கு இரண்டு கையும் சுகமாக இருக்க, நாலு வெடி வைத்தேன். பிளேட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. ரிவோல்வர் என் நெற்றிக்கு மேலே எழும்பி நின்றது. இரண்டு நாள் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. ரொபினுக்கு உன் கதையைச் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, "உன்ர தங்கச்சி லேசுப்பட்ட ஆள் இல்லை" என்று தன் பாஷையில் சொன்னான்.

மூன்று வருடமாக உன்னை அந்தக் கார் விபத்துக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மைதானத்தில்தான் நீ எவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டாய் என்று தெரிந்தது. எனக்கு அவ்வளவு பெருமை, யோகா. வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லி மச்சாளிடம் பேச்சு வாங்குகிறேன்.

ஆகவே பத்திரத்தில் கையெழுத்து வைக்கவில்லை. வராதே. இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மேல் அறை உன்னுடையது, எப்போதும் வந்து போ. ஆனால் என் கலண்டரில் நீ இருக்க வேண்டாம்.

அடுத்த நவம்பரில் நான் வருகிறேன்.

அண்ணா


மிச்சிகன்
5.1.1997

என் அண்ணாவுக்கு,

எத்தனை வருடக் கடிதங்கள், எல்லாவற்றிலும் வா, வா என்றுதான் எழுதுவீர்கள். முதல் தரம் வராதே என்று எழுதியிருக்கிறீர்கள். காரை நிறுத்தி வைத்துவிட்டு உள்ளேயே இருந்து படித்தேன். நன்றாக அழுதேன். பிறகு கடைக்குப் போய்ச் செம்மஞ்சள் வேட்டை ஜாக்கெட் ஒன்று வாங்கினேன், உங்கள் வயிற்றின் அளவுக்கு.

ஐயரிடம் கேட்டுவிட்டேன். இந்த வருடம் சட்டி நவம்பர் முதல் கிழமையிலேயே முடிந்துவிடும். இங்கத்தைய கணக்கில்.

காட்டில் எனக்குப் பக்கத்தில் உங்களுக்கும் ஓர் இடம் துப்புரவாக்கி வைப்பேன். ஒன்றே ஒன்று: அங்கே வாய் திறக்கக் கூடாது. உங்களால் ஒரு மணித்தியாலம் கதைக்காமல் இருக்க முடியுமா என்று இன்றைக்கே மச்சாளுக்கு முன்னால் இருந்து பழகத் தொடங்குங்கள்.

யோகா