மேல் வீட்டில் தண்ணீர் விழும் சத்தம்

9 ஜனவரி 2025, வியாழன்

காலை 5.10, 5.35, 6.20. ஆபீசில் இன்னும் இரண்டு தடவை.

ரிப்போர்ட் வந்துவிட்டது. கொலோனோஸ்கோபி நார்மல். பயாப்ஸி நார்மல். தைராய்டு நார்மல். ஆறு வருஷமாக நாலு டாக்டர்களிடம் இந்த ஒரே சொல்லைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். இன்றைய டாக்டர் ஒரு பெயர் மட்டும் வைத்தார்: ஐ.பி.எஸ். தமிழில் எழுதினால் போலீஸ் அதிகாரி மாதிரி இருக்கிறது. குடல் பார்க்க நன்றாக இருக்கிறதாம். நடந்துகொள்வதுதான் சரியில்லையாம்.

என் வேலையில் இப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியுமா? கீழே மெட்ரோ சுரங்கம் தோண்டும்போது மேலே இருக்கிற பழைய வீடுகள் எவ்வளவு ஆடுகின்றன என்று அளக்க, சுவரில் அதிர்வுமானி பொருத்துகிறவன் நான். அலாரம் அடித்தால் காரணம் இருந்தாக வேண்டும். "எல்லாம் நார்மல், ஆனாலும் அடிக்கும்" என்று எழுதிக் கொடுத்தால் மேனேஜர் பத்ரா பேப்பரை என் மூஞ்சியிலேயே எறிவார்.

அந்த பத்ரா இன்று சொன்னது: மார்ச் 3 முதல் நான் சுரங்கத்துக்குள். ஆறு மணி நேர ஷிஃப்ட். அதை முடித்தால்தான் வேலை நிரந்தரம். டாய்லெட் ஒன்றரைக் கிலோமீட்டர் பின்னால். என் வயிறு எனக்குக் கொடுக்கும் அவகாசம், அளந்திருக்கிறேன், நாலு நிமிஷம்.

மார்ச் 3-க்குள் காரணம் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்த நோட்டு. தமிழில் எழுதினால் ஆபீசில் எவனுக்கும் படிக்க வராது. டெல்லியில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த லோதி ரோடு ஸ்கூலுக்கு நன்றி.

12 ஜனவரி, ஞாயிறு

5.10. அப்போதுதான் கேட்டது. எங்கள் டாய்லெட்டுக்கு மேலே, குழாய்க்குள், ஃப்ளஷ் தண்ணீர் இறங்கி முடிகிற சத்தம்.

மேல் வீடு காலி. ஜோதிலிங்கம் அங்கிள் நவம்பரில் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். கொஞ்சம் சாமான் மட்டும் வைத்துப் பூட்டியிருக்கிறார். மார்ச் கடைசி வரை அந்த அரசாங்க குவார்ட்டர்ஸ் அவர் பெயரில்தான்.

வால்வு ஒழுகுகிறது போல.

14 ஜனவரி, செவ்வாய். பொங்கல்

ஒழுகல் இல்லை. இன்று தெளிவாகக் கேட்டேன். முதலில் மக்கில் தண்ணீர் மொள்வது. பிறகு மெதுவாக, சத்தம் வரக்கூடாது என்று சாய்த்து ஊற்றுவது. மக்கைத் தரையில் வைக்கும்போதுகூட ஜாக்கிரதை. 5.06. எனக்கு வயிறு பிடித்தது 5.10.

அப்பாவிடம் கேட்டேன். "மேல் வீட்டுச் சாவி யார்ட்ட இருக்கு?"

"குவார்ட்டர்ஸ் என்கொயரி ஆபீஸ்ல குடுத்திருப்பார். ஏன்?"

"சத்தம் கேக்கறது."

"பைப்னா சத்தம் போடும்டா. பொங்கல் ஆறிப்போறது பார்."

வீட்டில் இப்போது நானும் அப்பாவும் மட்டும். அக்கா மாதங்கிக்குப் பிரசவம், அம்மா புனேயில் அவளோடு இருக்கிறாள். அப்பாதான் சமையல். அப்பாவின் வாழ்க்கை ஒரு நேர்கோடு. காலை ஐந்துக்கு மலை மந்திர் முருகன் கோயில், ஆறேகாலுக்கு விபூதியோடு திரும்புவது, பிறகு அரசாங்க ஆபீஸ் செக்ஷனில் இருபத்தெட்டு வருஷமாக அதே நாற்காலி. பிரமோஷனோடு டூர் போஸ்டிங் மூன்று தடவை வந்தது. மூன்றையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். கோழை என்று அம்மா ஒரு முறை அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

18 ஜனவரி, சனி

ஆபீஸிலிருந்து ஒரு உபரி அதிர்வுமானியைக் கொண்டுவந்து டாய்லெட் குழாயில் கட்டிவிட்டேன். ஒரு வாரம் ஓடட்டும்.

25 ஜனவரி, சனி

ஏழு நாள் பதிவு. மேலே 5.06, எனக்கு 5.10. மேலே 5.03, எனக்கு 5.08. மேலே 5.11, எனக்கு 5.14. சராசரி நாலு நிமிஷம். புதன்கிழமை எனக்கு ஒன்றும் இல்லை. மேலேயும் ஒன்றும் இல்லை. ராஜ்மா தின்ற மறுநாள் எனக்கு மூன்று தடவை. மேலேயும் மூன்று.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். கருவி சரி. கடிகாரம் சரி.

எனக்கு வரப்போவது நாலு நிமிஷம் முன்னால் அங்கே நடக்கிறது.

பேய்க்கு எதற்கு டாய்லெட் என்று சிரித்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. போய்ப் பார்த்தால் தீர்ந்தது, ஆனால் சத்தம் கேட்டு எழுவதற்குள் வயிறு பிடித்து நான் உள்ளே மாட்டிக்கொள்கிறேன். ஒரு நாள்கூட விதிவிலக்கு இல்லை. என்னை எழுந்து வர விடாமல் செய்கிற மாதிரி. இன்று முடித்தவுடன் ஓடினேன். வெளியே கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. மேல் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. பிடித்துப் பார்த்தேன். ஆறு டிகிரி குளிரில் இரும்பு சில்லென்று கையைக் கடிக்க வேண்டும். கடிக்கவில்லை. யாரோ சற்று முன்பு வரை கையில் வைத்திருந்த மாதிரி இருந்தது.

28 ஜனவரி, செவ்வாய்

பாத்திரம் தேய்க்க வரும் முத்தம்மா முன்பு மேல் வீட்டிலும் வேலை செய்தவள். நான் கேட்கவே இல்லை, அவளாகவே ஆரம்பித்தாள்.

"தம்பி, அந்த வூட்டு பாத்ரூம் ஜன்னலு ஒரு நா தொறந்துருக்கு, ஒரு நா சாத்திருக்கு. யாரு தொறக்கறா?"

"காத்தா இருக்கும்."

"காத்து கொக்கி போடுமா? நீ இஞ்சினியர் தானே, சொல்லு."



1 பிப்ரவரி, சனி

58 கிலோ. போன வருஷம் 66.

3 பிப்ரவரி, திங்கள்

டாக்டர் சொன்ன சாப்பாட்டு முறை இன்று ஆரம்பம். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், துவரம்பருப்பு, ராஜ்மா எல்லாம் நிறுத்தம். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து எது குற்றவாளி என்று பார்ப்பது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு டாக்டர் என் பாஷையில் பேசியிருக்கிறார்.

அப்பா பட்டியலைப் படித்துவிட்டு, "வெங்காயம் இல்லே, பூண்டு இல்லே. இது திவசச் சமையல்னா! யாருக்குடா திவசம்?" என்றார்.

"எனக்குத்தான்."

"அபத்தமாப் பேசாதே." கோபம் வந்துவிட்டது. என் தட்டைத் தனியாக வைத்தார். அவருக்கு வழக்கம்போல வெங்காய சாம்பார்.

11 பிப்ரவரி, செவ்வாய். தைப்பூசம்

5.05-க்கு மேலே தண்ணீர்.

படுக்கையில் உட்கார்ந்து காத்திருந்தேன். 5.09. 5.15. 5.30. வயிறு அசையவில்லை. ஒரு வாரமாகக் குறைந்துகொண்டு வந்தது, இன்று சுத்தமாக இல்லை. சந்தோஷப்பட வேண்டும்தானே? எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. நான் இல்லாமலே அது நடக்கிறது. இத்தனை நாளும் அது என் எதிரொலி என்று எங்கேயோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இல்லை. மேலே ஒரு ஆள் இருக்கிறது.

இன்று எழுந்து போயிருக்கலாம். வயிறு தடுக்கவில்லை. போகவில்லை. கோழை யார்?

12 பிப்ரவரி, புதன்

5.04. மேலே முதல் மக். எழுந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. செருப்புப் போடாமல் படியேறினேன்.

பூட்டு இல்லை. கதவு ஒருக்களித்து இருந்தது. உள்ளே இருட்டு, கடைசியில் டாய்லெட் கதவுக்கு அடியில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு. வாசலில் ஒரு ஜோடி செருப்பு, ஒன்றோடொன்று ஒட்டி, சத்தம் வராமல் கழற்றி வைத்தது. இடது செருப்பின் வாரில் நீல நூல் தையல்.

அந்தத் தையலைப் போட்டது நான். தீபாவளிக்கு முந்தின வாரம்.

உள்ளே மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம். பிறகு, மிகவும் சின்னதாக, "முருகா."

வலி எந்த இடத்தில் இருக்கிறது என்று அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்தது. தொப்புளுக்குக் கீழே, இடது பக்கம்.

நான் இறங்கி வந்துவிட்டேன்.

ஆறேகாலுக்கு அப்பா விபூதியோடு வந்தார். "என்னடா, ஜல்தியா எழுந்துட்டே?"

"தூக்கம் வரலை."

16 பிப்ரவரி, ஞாயிறு

நாலு நாள் தாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோது, அத்தனை கூட்டத்தில், கேட்டுவிட்டேன்.

"எத்தனை வருஷமாப்பா?"

எது என்று அவர் கேட்கவில்லை. அப்பளக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேருந்து."

"டாக்டர்ட்ட?"

"ஒருத்தர்ட்ட போனேன். எல்லாம் நார்மல்னுட்டார். நார்மல்னு சொன்னப்பறம் என்னத்தைக் கேக்கறது?"

"மேல் வீட்டுச் சாவி?"

"ஜோதிலிங்கம் குடுத்துட்டுப் போனார். அதுக்கு முன்னாடி கோயிலுக்குக் கீழே இருக்கற டாய்லெட். குளிர்ல நடந்து போகணும்."

"கீழ நம்ம வீட்டுலயே போயிருக்கலாமே!" கத்திவிட்டேன். கடைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"அஞ்சு மணிக்கு நீ ஓடுவே. நான் உள்ளே இருந்தா நீ கதவைத் தட்டுவே. நீ உள்ளே இருந்தா நான் தட்டணும். தட்டற சத்தம் கேட்டா வயிறு எப்படி இன்னும் பிடிச்சுக்கும்னு எனக்குத் தெரியாதாடா?"

மெட்ரோவில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னார். "டூர்னா ஜீப்ல அஞ்சு மணி நேரம். வண்டியை நிறுத்துப்பானு டிரைவர்ட்ட எத்தனை தடவை சொல்லுவே? அதான் எழுதிக் குடுத்தேன். சொந்தக் காரணம்னு."

அம்மாவுக்குத் தெரியாது. முப்பது வருஷம் ஒரே வீட்டில்.

ஒரே சாம்பார், ஒரே மாதிரிக் குடல். நான் தனித் தட்டுக்கு மாறியதும் என்னுடையது விலகிவிட்டது, அவருடையது மட்டும் அங்கேயே ஓடுகிறது. தர்க்கம் சரியாக இருக்கிறது. ஆனால் இன்னும் எனக்குக் குளிர்கிறது. பேயாக இருந்தால் பரவாயில்லை என்று படுகிறது. ஐம்பத்தெட்டு வயதில் நான் எப்படி இருப்பேன் என்பது ஒரு பூட்டிய வீட்டுக்குள், மக் சத்தம் கேட்காமல், உட்கார்ந்திருந்தது. நான் அதைக் கருவி வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

28 பிப்ரவரி, வெள்ளி

நானும் ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தேன். சொந்தக் காரணங்களால் சுரங்க வேலையை ஏற்க இயலவில்லை என்று. பத்ரா அறை வாசலில் நின்று இன்னொரு தடவை படித்தேன். கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சொன்னேன். வியாதியின் பெயர், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை நிமிஷம். எல்லாம்.

பத்ரா பேனாவை மூடினார். "அரே பாய், இதைச் சொல்ல இரண்டு மாசமா?" பிறகு ஷிஃப்ட் பட்டியலில் என் பெயரை அடித்தார். நிரந்தரம் ஆறு மாசம் தள்ளிப் போகிறது. அதுவரை சுரங்கத்துக்கு வெளியேதான் வேலை. அதற்குப் பிறகு பார்க்கலாம். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றுதான் அர்த்தம் என்றார்.

15 மார்ச், சனி

அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். எத்தனை நாளாக என்ற கேள்விக்கு, "கொஞ்ச நாளா," என்றார். நான் மேஜையைத் தட்டினேன். "முப்பது வருஷம் டாக்டர்."

வெங்காயம் எனக்கு நிச்சயம் குற்றவாளி. பால் சந்தேகம். அப்பாவுக்கு இனிமேல்தான் தெரியும். இப்போது இரண்டு தட்டிலும் திவசச் சமையல்.

6 ஏப்ரல், ஞாயிறு

மேல் வீட்டுச் சாவி என்கொயரி ஆபீசுக்குப் போய்விட்டது. நேற்று புதுக் குடித்தனக்காரர்கள் வந்து சாமான் இறக்கினார்கள்.

நேற்று ராத்திரி இரண்டு பேரும் ஹோட்டலில் கண்டதைத் தின்றோம். அப்பாவின் பிறந்தநாள், ஒரு நாள்தானே என்று. 5.05-க்கு அவர் உள்ளே போனார். 5.08-க்கு எனக்கு ஆரம்பித்தது. கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றேன். தட்டவில்லை.

"இருக்கியாடா?" உள்ளேயிருந்து.

"இருக்கேன்."

"ரெண்டு நிமிஷம்."

"மெதுவா வாப்பா."

5.12. 5.13. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். கதவு திறந்தது. வேர்த்த முகத்தோடு எனக்கு வழிவிட்டு அவர் விலகும்போது, தலைக்கு மேலே குழாயில், சத்தம் வரக்கூடாது என்று யாரோ சாய்த்து ஊற்றுகிற மாதிரி, தண்ணீர் இறங்கியது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தோம்.